என்ற தையல் விடாது

அசையாதீங்க தம்பி. கையில ஊசி இருக்குது, தொடையில ஏறிப்போச்சுன்னா அப்பறம் என்னையத்தான் சொல்லுவீங்க. முட்டி ரெண்டையும் அந்த ரப்பர் குழிக்குள்ள நல்லா அமுக்கி வைங்க. ஆங், அப்படி. நடுவுல இருக்கற ஃபோம் திண்டு மேல முழு எடையும் போட்டு உக்காருங்க. கேனோன்னா மண்டி போட்டாத்தானுங்க ஆச்சு. காலை நீட்டி உக்காந்து கடலை கொறிச்சுட்டுப் போறதுக்கு இது என்ன ஏரியில உடற போட்டா? பாறைக்கு நடுவுல நொரை தள்ளிட்டு ஓடற ஆத்துல போகோணும். போட்டும் நீங்களும் ஒண்ணா ஒட்டியிருக்கோணும். நீங்க இடுப்பை அசைச்சா போட்டு அசையோணும்.

லைஃப் ஜாக்கெட்டைக் கழட்டாதீங்க. வேர்த்தா வேர்க்கட்டும். ஆத்துல எதைப் போட்டுட்டு உக்காருவீங்களோ அதோட உக்காந்தாத்தான் தொடையைப் போட்டோட கட்டற பெல்ட் அளவு சரியா வரும். நெஞ்சுல என்ன அது, கத்தியா? எதுக்கு, ஆத்துல மாம்பழம் நறுக்கவா? சும்மா கேட்டேன், கோவிச்சுக்காதீங்க. குடகுப் பக்கம் இந்தப் பழக்கம் இருக்குது, எனக்குத் தெரியும். நல்லாவே தெரியும்.

அடிப்பக்கம் பாத்தீங்களா? கையை வெச்சுத் தடவிப் பாத்தீங்கல்ல? வெடிப்பு எங்க இருந்துச்சுன்னு கண்டுபுடிக்க முடிஞ்சுதா? முடியாதுங்க. மத்தவன்னா வெடிச்ச எடத்துல பசையைத் தடவி, மேல பெயின்ட் அடிச்சுக் குடுத்துருவான். அடுத்த பாறையில பட்டதும் அது பப்படமாட்டப் பொளந்துக்கும். நான் அப்படிப் பண்றதில்ல. வெடிப்பு முடியற எடத்துல மொதல்ல ஒரு பொடி ஓட்டை போடோணும். அப்பத்தான் வெடிப்பு மேற்கொண்டு ஓடாம அங்கயே நிக்கும். அப்பறம் சுத்தியும் தேச்சுத் தேச்சுப் பள்ளமாக்கி, ஃபைபர் மேட்டை அடுக்கடுக்கா வெச்சு, ரெசின் ஊத்தி, ஒரு கொப்புளம் இல்லாம உருட்டி எடுக்கோணும். பொறுமை வேணும். எனக்குப் பொறுமை ஜாஸ்திங்க. இல்லைன்னா இத்தனை வருசம் இந்த மனுசங்களோட குப்பை கொட்டியிருக்க முடியுமா?

பக்கிளா? வெச்சாச்சுங்க. போன்லயும் சொன்னீங்க, வண்டியை விட்டு எறங்கறப்பவும் சொன்னீங்க, மறுபடியும் கேக்கறீங்க. இழுத்தா சட்டுனு கழண்டுக்கற மாதிரி பக்கிள். இதா, செவப்பு நாடா தொங்குது பாருங்க. இப்பவே இழுக்காதீங்க, கையை எடுங்க. தையல் முடியட்டும். பாதித் தையல்ல இழுத்தீங்கன்னா அளவு மாறிப்போகும்.

ஏனுங்க, அங்க டீக்கடைகிட்ட நிக்கற ஜீப்பு உங்களதுதானே? உள்ள யாரோ உக்காந்திருக்கற மாதிரி இருக்குதே. கண்ணாடி கறுப்பா இருக்கறதால ஒண்ணும் தெரியல. உள்ள வரச் சொல்லுங்களேன், வெயில்ல எதுக்கு வேகோணும்? ஒரு டீ சொல்றேன், குடிச்சுட்டு நெழல்ல இருக்கட்டும். வேண்டாமா? சரி, உங்க இஷ்டம். ஆனா நீங்க சும்மா சும்மா அங்க திரும்பிப் பாக்காதீங்க. திரும்பினா பெல்ட் நழுவுது.

ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லோணும். இந்தப் போட்டை உங்களுக்கு வித்தது யாரு?

குடகுல ஒருத்தர். அவ்வளவுதானா? ஒருத்தர்னா ஆம்பளையா, பொம்பளையா? பேரு கிடையாதா? சரி, நீங்க சொல்ல வேண்டாம், நானே சொல்றேன். போன வாரம் நீங்க போட்டை எறக்கிட்டுப் போனதும், வெடிப்பைச் சுத்தி நீலப் பெயின்ட்டைச் சொரண்டினேன். உள்ள செவப்பு. அந்தச் செவப்பு நான் கலக்கினது. இன்னும் கொஞ்சம் சொரண்டினேன். மூக்குப்பக்கம் பழைய ஒட்டு ஒண்ணு வந்துச்சு. என்ற ஒட்டு எனக்குத் தெரியாதுங்களா? இது என்ற பொண்ணு போட்டு. சுகன்யா போட்டு.

அதுவும் போக, குடகுல இருந்து இத்தனை தூரம் ஒரு போட்டை ஜீப்பு மேல கட்டி, மலையெறங்கி, மேட்டுப்பாளையம் வந்து, அதுக்கு மேல இந்தப் பொட்டைக் காட்டுக்குள்ள என்ற ஷெட்டைத் தேடிக் கண்டுபுடிச்சு ஒட்டோணும்னு உங்களுக்கு என்னங்க தலையெழுத்து? யாரோ சொல்லித்தானே வந்தீங்க? சிரிக்கறீங்க. சிரிங்க. அவ எப்படி இருக்கறான்னு நான் கேக்கப்போறதில்ல. இந்த வாயால கேக்க மாட்டேன். நீங்களாச் சொன்னா காதை மூடிக்கவும் மாட்டேன், அவ்வளவுதான்.

காலை அந்தக் கட்டையில முட்டுக் குடுங்க. வெரலை மடக்குங்க. ஆங்.

அவ உங்ககிட்ட என்னையப் பத்தி என்ன சொல்லியிருப்பாளோ, எனக்குத் தெரியாது. ஒரு பக்கம் கேட்டுட்டு ஒரு முடிவுக்கு வந்துராதீங்க. நடந்ததை நான் சொல்றேன், கேளுங்க. தைக்கற வரைக்கும் உங்களுக்கும் வேற வேலை இல்ல.

நான் முன்ன கோயமுத்தூர்ல ஃபைபர் வேலை பண்ணிட்டிருந்தவன். தண்ணித்தொட்டி, பாத்ரூம் கதவு, மில்லுக்கு வேணுங்கற சாமான் எல்லாம் பண்ணுவேன். அப்பத்தான் கூனூர்ல எஸ்டேட் வெச்சிருந்த ஒருத்தரு இங்க பவானி ஓரமா கேம்ப் போட்டாரு. டேம்ல கரண்ட்டுக்குத் தண்ணி உட்டா ஆறு பொங்குமுங்க. அந்த நேரம் பாத்து ஆளுங்களைப் போட்டுல எறக்குவாரு. பாறையில மோதின போட்டெல்லாம் எங்கிட்ட வரும். நானும் குடும்பத்தோட இங்கயே வந்து ஷெட் போட்டுட்டேன். 'நாச்சிமுத்து, உன்ற கையில என்னமோ இருக்குதய்யா'ம்பாரு. சுகன்யா பள்ளிக்கூடம் விட்டா நேரா ஆத்துக்குத்தான் வருவா. நடக்கறதுக்கு முன்னாடியே துடுப்புப் போட்டவன்னு எங்கூட்டுக்காரி மயிலாத்தா எல்லார்கிட்டயும் சொல்லிக்குவா. அவ கொஞ்சம் மிகையாத்தான் பேசுவா. ஆனா அதுல பொய்யும் இல்ல.

அந்த எஸ்டேட்காரரு வயசாயி மகன்கூடப் போய் இருக்கறேன்னு கேம்ப்பை மூடினப்ப, சுகன்யாவுக்குன்னு ஒரு போட்டு எடுத்துக்கச் சொன்னாரு. எது வேணுமோ எடுத்துக்கோன்னாரு. வரிசையாப் படுக்க வெச்சிருந்துச்சு. இவ நேரா ஒரு மஞ்சப் போட்டுகிட்டப் போய் நின்னுக்கிட்டா. குட்டையான போட்டு. அடி நல்லா வளைஞ்சு, ரெண்டு மூக்கும் மேல தூக்கியிருக்கும். சிமென்ட் தரையில வெச்சு ஒரு வெரல்ல தள்ளினா பம்பரமாட்டச் சுத்தும். 'இதுதான்ப்பா'ன்னா. நான் செவப்பை எடுத்தேன். இது, நீங்க உக்காந்திருக்கறது. நீளம் பாருங்க. அடி நேரா இருக்கும். தண்ணி எப்படி அடிச்சாலும் வெச்ச கோட்டுல போகும். சுத்தற போட்டு வெளையாட்டுக்கு ஆகும், போட்டிக்கு ஆகுமா? அவ சொல்றா, 'எனக்குப் போட்டி வேண்டாம்ப்பா, அலை மேல நின்னு வெளையாடத்தான் புடிச்சிருக்கு'ங்கறா. சின்னப்புள்ளை, அதுக்கு என்ன தெரியும்? அப்ப அதுக்கு இருவது வயசுதான் ஆகுது.

நான் எடுத்ததுதான் சரி. மொத ரெண்டு போட்டியிலயும் ஜெயிச்சா பாருங்க. கப்பு ரெண்டும் அதா, அந்த ரெசின் டின்னுக்குப் பக்கத்துல இருக்குது. அவ எடுத்துட்டுப் போகல. 'அது உங்க கப்புப்பா'ன்னா. பெருந்தன்மை பாருங்க. அந்த வரைக்கும் நல்ல புள்ளைதானுங்க.

நான் அந்தப் போட்டுக்கு எப்படி எப்படி வேலை பண்ணினேன்னு உங்களுக்குத் தெரியாது. முட்டிக்கு ரப்பரை அவ முட்டி அச்சுக்கே செதுக்கினேன். திண்டை அவ உக்கார்ற சாய்வுக்கு அறுத்தேன். செருப்புக்கு ஒட்டற பசையை வெச்சு ஒட்டி, மேல மூட்டை மூட்டையா மணல் ஏத்திக் காய வெச்சேன். முன்னாடியும் பின்னாடியும் காத்துப் பையை வெச்சுக் கயிறு பின்னினேன், கவுந்தாலும் போட்டு முழுகாது. துடுப்புக் கம்பை அவ ஒசரத்துக்கு அறுத்துக் குடுத்தேன். ஒரு எடத்துல அவ கையை வெச்சு யோசிச்சிருப்பாளா? வேண்டியதே இல்ல. உக்காந்தாப் போதும், அவ்வளவு பண்ணி வெச்சேன். அவ ஒரே ஒருக்கா திண்டை ஒரு வெரக்கடை எறக்கச் சொன்னா. எறக்கல. எறக்கினா அவளுக்குத்தானே கஷ்டம்.

ஆனா ஒரு கெட்ட பழக்கம் வந்துச்சு அவளுக்கு. எங்கிருந்து தொத்துச்சோ. கவுந்தான்னா ஒடனே பக்கிளை இழுத்துட்டு வெளிய வந்துருவா. வந்து போட்டைப் புடிச்சுட்டு நீந்திக் கரைக்கு வந்துருவா. தம்பி, கவுந்தவன் துடுப்பைத் தண்ணியில அடிச்சு, இடுப்பை வெட்டி, போட்டோட உருண்டு எந்திரிக்கோணும். அதுதான் வித்தை. நீந்தினா ஓட்டம் போச்சு, போட்டி போச்சு. அவளுக்கு உருளத் தெரியாதான்னா, தெரியும். நானே இடுப்பளவு தண்ணியில நின்னு போட்டைக் கவுத்துக் கவுத்துச் சொல்லிக் குடுத்திருக்கறேன். மயிலாத்தா கரையில நின்னு கத்துவா, 'புள்ளைக்கு மூச்சு முட்டுதுங்க, உட்டுருங்க'ன்னு. முட்டட்டும்டி, முட்டினாத்தான் எந்திரிப்பாம்பேன். எந்திரிச்சா, நான் சொல்றப்ப எல்லாம் எந்திரிச்சா. ஆனா தனியா உட்டா பக்கிள்தான். ஏன்னு கேட்டேன். 'பயமா இருக்குதுப்பா'ன்னா.

பயம்னா என்னங்க? கதவு தெறந்திருக்குதுன்னு தெரிஞ்சா பயம் வரும். கதவே இல்லைன்னு வைங்க, எங்க போகும் பயம்? சொல்லுங்க. நான் சொல்றது தப்புங்களா?

ஏனுங்க கீழ பாக்கறீங்க? தையல் நேராத்தான் போகுது. மெழுகு நூல், ரெட்டை இழை. அறுந்து போகும்னு பயப்படாதீங்க.

அந்த வருசம் மழை முன்னாடியே புடிச்சுக்கிச்சு. குடகுப் பக்கம் ஒரு போட்டி. நானு, அவ, மயிலாத்தா மூணு பேரும் வேன்ல போனோம். போட்டு மேல. காலையில சோதனை பண்றதுக்கு ஒரு ஆளு வந்தான். ஒவ்வொரு போட்டா வந்து பெல்ட்டை இழுத்துப் பாப்பான். இவ பெல்ட்டையும் இழுத்தான், கழண்டுச்சு, ஸ்டிக்கர் ஒட்டிட்டுப் போயிட்டான். இவ நம்பர் போட்ட பனியன் வாங்க அக்கட்ட போனா. நான் ஊசியை எடுத்தேன். பக்கிளுக்கு அடியில, நாடா மடியற எடத்துல, நாலு தையல். கண்ணுக்கே தெரியாது. பக்கிள் இருக்கும், நாடா தொங்கும், எல்லாம் இருக்கும். இழுத்தா வராது, அவ்வளவுதான். என்ன ஒரு வேலை பாருங்க. இத்தனை பேரு சுத்தி நிக்கறாங்க, ஒருத்தனுக்கும் தெரியல. வந்தா, உக்காந்தா, 'கொஞ்சம் இறுக்கமா இருக்குதேப்பா'ன்னா. அப்படித்தான் கண்ணு இருக்கோணும்னு சொல்லித் தட்டிக் குடுத்து அனுப்பினேன்.

நல்லாத்தான் போனா. மேல ஆத்துக்குக் குறுக்க கம்பு தொங்கவுட்டு வெச்சிருந்த கேட்டெல்லாம் தொடாமத் தாண்டிட்டா. நான் கரையிலயே பாறை பாறையாத் தாவிட்டு ஓடறேன். கீழ ஒரு எடத்துல ரெண்டு பாறைக்கு நடுவுல தண்ணி மடங்கி உழுகுது. அங்க கவுந்தா. நான் மனசுக்குள்ள சிரிச்சேனுங்க. இப்ப எந்திரிப்பா பாருன்னேன் மயிலாத்தாகிட்ட. போட்டோட அடிதான் தெரியுது, செவப்பா. துடுப்பு ஒரு தடவை மேல வந்துச்சு. அப்பறம் துடுப்பு மட்டும் தனியாப் போச்சு. அது ஒண்ணுதான் அவ பண்ணின தப்பு. துடுப்பை உடலாமா? எதை உட்டாலும் துடுப்பை உடக்கூடாதுன்னு எத்தனை தரம் சொல்லியிருக்கறேன். பெல்ட்டை இழுக்கறதுக்காக உட்டிருக்கறா. மயிலாத்தா அலறினா. ஊரே கேக்கற மாதிரி அலறினா. நான் அவ வாயைப் பொத்தினேன், சும்மா இருடி, புள்ளை எந்திரிக்கப் போறான்னு. இன்னுங் கொஞ்சம், இன்னுங் கொஞ்சம் உட்டிருந்தா கையாலயே தண்ணியை அடிச்சு எந்திரிச்சிருப்பா. எந்திரிச்சிருப்பாளுங்க. என்ற பொண்ணு எனக்குத் தெரியாதா?

அதுக்குள்ள அவன் குதிச்சுட்டான். காப்பாத்தறேன்னு கரையில கயிறு வெச்சுட்டு நின்னவன். குடகுக்காரன், என்ற வயசு இருக்கும், தாடியெல்லாம் நரைச்சுப் போச்சு. இடுப்புல கயிறைக் கட்டிட்டுக் குதிச்சு, போட்டுக்கு அடியில போனான். கத்தி. இதே மாதிரி, நெஞ்சுல சொருகியிருக்கற கத்தி. என்ற பெல்ட்டை அறுத்துட்டான் தம்பி. ரெண்டு பக்கமும் அறுத்துட்டான். அவளை அப்படியே அணைச்சுத் தூக்கிட்டுக் கரைக்கு வந்தான். ஒதடு நீலமா இருந்துச்சு. குப்புறப் போட்டு முதுகுல தட்டினாங்க, தண்ணியாக் கக்கினா. அப்பறம் எந்திரிச்சு உக்காந்துட்டா. பாத்தீங்களா? ஒண்ணும் ஆகல. கூட்டம் எல்லாம் அவனைக் கட்டிப் புடிச்சுக் கையைக் குலுக்குது. அறுத்தவனுக்குக் கைதட்டு. தெச்சவன் ஒருத்தன் நிக்கறானேன்னு யாராச்சும் திரும்பிப் பாத்தாங்களா?

அவ போட்டுகிட்டப் போனா. அறுந்த பெல்ட்டைக் கையில எடுத்து, பொறட்டிப் பொறட்டிப் பாத்தா. அந்த நாலு தையல்கிட்ட வந்ததும் வெரலு நின்னுருச்சு. 'அப்பா, இது நீங்க போட்டதா?'ன்னு கேட்டா. என்ற தையல்தான் கண்ணு, வேற யாரு இப்படிப் போடுவான்னு சொன்னேன். நெஜத்தைத்தானே சொன்னேன்? அப்பறம் சொன்னேன், இன்னொரு ஓட்டம் பாக்கி இருக்குது சாமி, மறுபடி உக்காரு, வேற பெல்ட் போட்டுத் தர்றேன்னு. அவளுக்கு நல்லதுக்குத்தான் சொன்னேன். உழுந்த ஒடனே மறுபடி ஏறிப் போயிரோணும், இல்லைன்னா பயம் எலும்புல எறங்கிரும்.

அவ ஹெல்மெட்டைக் கழட்டினா, போட்டுக்குள்ள வெச்சா, நடந்தா. அந்தக் குடகுக்காரன் ஜீப்புல போய் ஏறிக்கிட்டா. மயிலாத்தா கையில ஈரம் தொடைக்கற துண்டு இருந்துச்சு. அதைக் குடுத்துட்டு வர்றேன்னு போனவதான். அவளும் ஏறிக்கிட்டா. கலியாணமாகி இத்தனை வருசத்துல ஒருக்காக்கூட எங்கிட்டச் சொல்லாம வாசல்படி தாண்டாதவ, ஒரு துண்டோட போயிட்டா. துண்டாச்சும் திரும்பி வந்துச்சான்னா, இல்ல.

இப்ப அங்கதான் இருக்கறாங்களாம். அவன் கேம்ப்புல இவ வர்றவங்களுக்குச் சொல்லிக் குடுக்கறாளாம். மயிலாத்தா சமைக்கறாளாம். அவனை அங்கிள்னு கூப்பிடறாளாமா? தலையாட்டறீங்க. நல்லாக் கூப்பிடட்டும். அறுத்தவன் அங்கிள். மொத நாளே எல்லார்த்துக்கும் ஒரு கத்தி குடுத்துட்டுத்தான் துடுப்பைத் தொட உடறாளாமே, அதுவும் நெஜமா? அப்ப உங்க நெஞ்சுல இருக்கறது அவ குடுத்ததா? அதானே பாத்தேன்.

மயிலாத்தா பொழுதானா போன் பண்ணுவா. எடுக்கறதில்ல. மாத்திரை போட்டீங்களான்னு கேக்கத்தான் பண்றா, அது எனக்கே தெரியும், போட்டுக்கறேன். எதுக்கு எடுக்கோணும்? அடிச்சு நிக்கற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்திருப்பேன்.

கொஞ்ச நாள் கழிச்சு என்ற மச்சான், மயிலாத்தா தம்பி, வேன் எடுத்துட்டு வந்தான். சுகன்யா போட்டைக் கேக்கறாள்னான். தூக்கி ஏத்தி உட்டேன். மனசுக்குள்ள ஒரு கணக்கு. பெல்ட்டு அறுந்து கெடக்குது. யாரு போடுவா? என்ற கை படாம அவ உக்காருவாளா? எப்பிடியும் போட்டை எடுத்துட்டு வருவா, வந்து அப்பான்னு நிப்பான்னு பாத்துட்டே இருந்தேன். அந்த வெள்ளை நாடா பண்டல் அவளுக்குன்னு வாங்கினது, பிரிக்காம வெச்சிருந்தேன். இன்னைக்கு உங்களுக்குப் போடத்தான் பிரிச்சேன். அவ வரல. போட்டுதான் வந்துச்சு, நீலப் பெயின்ட் அடிச்சுட்டு, முன்னப்பின்ன தெரியாத உங்களையத் தூக்கிட்டு.

கோவமா? எனக்கு என்ன கோவம்? வயிறு எரியுது, அவ்வளவுதான். பெத்து, தூக்கி, ஒவ்வொண்ணையும் பாத்துப் பாத்துச் செதுக்கிக் குடுத்தவன் இங்க ரெசின் நாத்தத்துல உக்காந்திருக்கறேன். ஒரு தடவை தண்ணியில குதிச்சவன் அங்கிள் ஆயிட்டான்.

என்னது? சொன்னாளா? சித்த இருங்க, ஊசியைக் கீழ வெச்சுக்கறேன். இன்னொருக்காச் சொல்லுங்க.

'அடியை அப்பாகிட்டத்தான் குடுக்கோணும். அவர் ஒட்டினா பாறை தோத்துரும்.'

அப்படியேவா சொன்னா? இதே வார்த்தையா? பாறை தோத்துரும்ங்கறது நான் சொல்றதுங்க. அவ சின்னதா இருக்கறப்ப அந்தப் படிமேல உக்காந்துட்டு, இது பாறையில பட்டா என்னப்பா ஆகும்னு கேப்பா. பாறை தோத்துரும் கண்ணும்பேன். அப்படிச் சிரிப்பா. மறக்கல பாருங்க.

ஒண்ணுமில்ல தம்பி, ரெசின் தூசி. கண்ணுல பட்டா அப்படித்தான் எரியும். பெல்ட்டைப் பத்தி என்ன சொன்னா? ஒண்ணும் சொல்லலையா? ஏன் மறுபடியும் ஜீப்பைப் பாக்கறீங்க? சொல்லியிருந்தா சொல்லுங்க. சரி, உடுங்க. பெல்ட்டைப் பத்திச் சொல்றதுக்கு என்ன இருக்குது, அப்பன் போடுவான்னு அவளுக்குத் தெரியாதா?

முடிஞ்சுது. இந்த முடிச்சு ஒண்ணுதான். பல்லுல கடிச்சு உட்டாச் சரி. ம். இப்ப இடுப்பை அசைங்க. போட்டும் சேந்து அசையுதா? பாத்தீங்களா. நீங்க புதுசு, உங்களுக்குத்தான் இது ரொம்ப வேணும். அவகிட்டக் கத்துக்கறீங்க. கவுந்தா ஓடத்தான் அவ சொல்லிக் குடுப்பா. இது ஓட உடாது. இப்ப ஒருக்காக் கவுத்துப் பாத்தரலாம். பயப்படாதீங்க, கீழ மணல்தான் கொட்டியிருக்குது. நான் இப்படித்தான் சோதனை பண்ணுவேன்.

இழுக்கறீங்களா? இழுங்க. நல்லாத்தான் இழுங்க. ரெண்டு கையில இழுத்தாலும் ஒண்ணுதான். வராதுங்க. அந்த நாடா சும்மா, பாக்கறவங்க கண்ணுக்கு. நீங்க பக்கிள் கேட்டீங்க, வெச்சிருக்கறேன். வெக்காம ஏமாத்தினேனா? கழறோணும்னு யாரு சொன்னது? எதுக்கு இப்படி மொகம் வெளிறுது? தரையில தானே இருக்கறீங்க. தண்ணியா ஓடுது?

தம்பி. தம்பி, அதை எடுக்காதீங்க. நானே பிரிச்சு உடறேன். கத்திரி இங்கதான் வெச்சேன், ஒரு நிமிசம் பொறுங்க. அட, சொன்னாக் கேளுங்க. புது நாடாங்க அது. அவளுக்குன்னு வெச்சிருந்தது.

அறுத்துட்டீங்க.

சரி. எந்திரிங்க. மொள்ள, கால் மரத்திருக்கும். அறுக்கறதுக்குத்தான் கத்தி குடுத்து அனுப்பியிருக்கறா. நல்லா இருங்க ரெண்டு பேரும்.

என்ன சொன்னீங்க? யாரு?

ஜீப்புலயா?

காலையில இருந்தா? நீங்க வந்ததுல இருந்து அங்கயே உக்காந்திருக்கறாளா? நான்தான் உள்ள வரச்சொல்லுங்க, டீ சொல்றேன்னு கேட்டேனே. எத்தனை தரம் பாத்தேன், கண்ணாடி கறுப்பா இருந்துச்சு. எளைச்சுப் போயிட்டாளா? என்ன சொல்லி அனுப்பினா உங்களை, முழுசாச் சொல்லுங்க. 'பெல்ட்டு போட்டு முடிச்சதும் இழுத்துப் பாருங்க. கழண்டுச்சுன்னா எனக்கு ஒரு குரல் குடுங்க. நான் வந்து அப்பாவைப் பாக்கறேன்.' அப்படியா சொன்னா? என்னையப் பாக்கறேன்னா சொன்னா?

இதை மொதல்லயே சொல்றதுக்கு என்னங்க?

நில்லுங்க, போகாதீங்க. மறுபடி உக்காருங்க, வேற பெல்ட் போட்டுத் தர்றேன். நெசமான பக்கிள் இருக்குது, டப்பாவுல இருக்குது, இதா பாருங்க, இழுத்தா வருது, பாருங்க, வருதுல்ல? சித்த நேரம் ஆகும், அவ்வளவுதான். இத்தனை நேரம் உக்காந்திருந்தீங்க, இன்னுங் கொஞ்சம் உக்கார மாட்டீங்களா? தம்பி, கதவு தெறக்குது பாருங்க அங்க. எறங்கறா. இங்கயே பாக்கறா.

சரி, உக்கார வேண்டாம். உங்க கையில இருக்கற அந்த அறுந்த துண்டை மட்டும் எங்கிட்டக் குடுத்துருங்க. குடுங்க சாமி, அவ வர்றதுக்குள்ள. கேட்டான்னா, கழண்டுச்சுன்னு சொல்லிருங்க.